பனியில் பொய் சொல்லும் சக்கரம்

திண்டிவனம்,
மார்கழி கடைசி வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். காலேஜில் கார் ராலி நடத்துகிறார்களாம், திண்டிவனத்தில் கிளம்பிச் செஞ்சி வழியாக விழுப்புரத்தில் முடிகிறதாம், உன்னை நேவிகேட்டராகப் போட்டிருக்கிறார்களாம். சந்தோஷம். ஆனால் அதைச் சொன்ன கையோடு சுவீடனில் வெண்பனி மேட்டில் கார் பறக்கிற வீடியோவையும் அனுப்பி, "நம்ம ஊர்ல பனியே இல்லையே மாமா" என்று அலுத்துக்கொள்கிறாய். இன்று காலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் போனேன். எதிரே வந்த மாட்டின் கொம்பைத்தான் முதலில் பார்த்தேன். மாடு அப்புறம்தான் தெரிந்தது. பனி இல்லையாம்!

தமிழில் நமக்கு எல்லாமே பனிதான். புல் நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, ஊட்டி அவலாஞ்சியில் விடியற்காலை புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனியும் பனி, இமயமலையில் இடுப்பளவு கொட்டிக் கிடப்பதும் பனி. பனியையே பார்க்காத ஊர்க்காரர்கள் ஆண்டில் நான்கு மாதத்தை முன்பனி, பின்பனி என்று பிரித்து வைத்திருப்பார்களா? ஆகவே உன் ராலியும் பனி ராலிதான். வகைதான் வேறு.

முதலில் ராலி என்றால் என்ன என்பதில் உனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. நீ பார்த்த வீடியோ வேக ராலி. சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு, யார் குறைந்த நேரத்தில் கடந்தார் என்று பார்ப்பார்கள். நீ போகப் போவது டி.எஸ்.டி. ராலி. நேரம், வேகம், தூரம் மூன்றும் சேர்ந்த கணக்கு. சாலை திறந்தே இருக்கும். பஸ் வரும், ஆடு வரும். இத்தனை கிலோமீட்டரை இந்தச் சராசரி வேகத்தில் போ என்று ரோடு புக்கில் எழுதியிருக்கும். வழியில் எங்கோ ஒரு மார்ஷல் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். எங்கே என்று சொல்ல மாட்டார்கள். தாமதமாகப் போனால் தண்டப் புள்ளி. முன்னதாகப் போனாலும் தண்டப் புள்ளி, பல ராலிகளில் அது இன்னும் அதிகம்.

இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். என் முதல் ராலியில் இதே செஞ்சி சாலையில் தீவனூர் தாண்டியதும், இரண்டு நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று தெரிந்தது. தூரத்தில் மார்ஷலின் குடை தெரிகிறது. உடனே வண்டியை ஓரங்கட்டி ஒரு பனைமரத்தின் பின்னால் நிறுத்தச் சொன்னேன். பனைமரத்தின் பின்னால் காரை மறைக்க முடியும் என்று நினைத்த மூளைதான் அன்று நேவிகேட்டர்! மார்ஷல் அங்கிருந்தே கையை ஆட்டினார். மார்ஷல் நேரம் குறிக்கும் இடத்துக்குக் கன்ட்ரோல் என்று பெயர். அது கண்ணில் படும் தூரத்தில் நிற்பது தனிக் குற்றம். சீக்கிரம் வந்ததற்கு ஒன்று, நின்றதற்கு ஒன்று என்று இரண்டு தண்டனையும் வாங்கினோம்.

உன் வேலை இதுதான். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொடுத்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. 30 என்றால் இரண்டு நிமிடம். 40 என்றால் ஒன்றரை நிமிடம். இதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள். ரோடு புக்கில் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். புள்ளி நீ நிற்கும் இடம், அம்பு நீ போக வேண்டிய பக்கம். நெதர்லாந்தின் டூலிப் ராலியில் பழக்கத்துக்கு வந்ததால் அந்தப் படத்துக்கு டூலிப் என்றே பெயர். கிளம்பும் முன்பு ஓடோ செக் வைப்பார்கள். அவர்கள் அளந்த 10 கிலோமீட்டருக்கு உன் வண்டி மீட்டர் 10.30 காட்டினால், அன்று முழுக்க உன் பெருக்கு எண் 1.03. புத்தகத்தில் 4.20 என்று இருந்தால் உன் மீட்டரில் 4.33க்குத் திரும்ப வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தால்கூட இந்த எண் மாறிவிடும்.

இப்போது உனக்குப் பிடித்த வெண்பனிக்கு வருகிறேன். டி.எஸ்.டி. ராலியை அங்கே நடத்தினால் என்ன ஆகும்? சக்கரம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, சாலையை அல்ல. வெண்பனியில் சக்கரம் வழுக்கிச் சுழலும். வண்டி நகர்ந்தது குறைவு, மீட்டரில் ஏறியது அதிகம். நூற்றுக்கு மூன்று பங்கு வழுக்கினால் 20 கிலோமீட்டரில் 600 மீட்டர் கள்ளக் கணக்கு. நேவிகேட்டர் மீட்டரைப் பார்த்து, "வேகமாக வந்துவிட்டோம், மெதுவாகப் போ" என்பார். உண்மையில் வண்டி பின்தங்கித்தான் இருக்கும். மணிக்கு 30 என்ற கணக்கில் 72 விநாடி தாமதம், அதுவும் நேவிகேட்டரே கேட்டு வாங்கியது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் எஞ்சின் விசை போகாத சக்கரத்தில் அளவுக் கருவியைப் பொருத்துவார்கள். பாலம், மைல் கல் என்று ஏதாவது நிச்சயமான அடையாளம் வரும்போதெல்லாம் மீட்டரைத் திருத்திக்கொள்வார்கள்.

இந்தியாவில் இதற்குப் பெயர் போனது ரெய்ட் டி ஹிமாலயா. 1999இல் ஹிமாலயன் மோட்டார்ஸ்போர்ட் அசோசியேஷன் தொடங்கியது. அக்டோபரில், மலைக் கணவாய்களில் குளிர் இறங்கும் நேரத்தில் நடத்தி வந்தார்கள். அதில் வேகப் பிரிவும் இருந்தது, அட்வெஞ்சர் என்ற பெயரில் டி.எஸ்.டி. பிரிவும் இருந்தது. நான் அதில் ஓடியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துச் சாலையில் ஒரு முறை வாடகை வண்டியில் போயிருக்கிறேன். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது, நமக்கும் வாங்குகிறது. எங்கள் டிரைவர் விடியும் முன்பே எழுப்பிவிட்டார். சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏறிப் பனி உருகினால் மதியத்துக்கு மேல் அதே ஓடை வண்டியைப் புரட்டும். ஆனால் அந்தக் காலை நேரத்தில்தான் சாலையில் சிதறிய நீர் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது. எந்த ஆபத்து வேண்டும் என்று நேரம் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டிய சாலை அது.

ஒரு கணக்கு பார். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் மிதித்த பிறகு காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். வெண்பனியில் 30 மீட்டர் ஆகும். உறைந்த பனிக்கட்டியில் 60 மீட்டரையும் தாண்டும். இதில் ஒரு வேடிக்கை: கடுங்குளிரைவிட, உருகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பூச்சிய டிகிரிப் பனிக்கட்டிதான் மோசமாக வழுக்கும், மேலே ஒரு நீர்ப்படலம் இருப்பதால். சுவீடன் ராலிக்காரர்களும் வெயில் அடித்தால் கவலைப்படுகிறார்கள். அவர்கள் டயரில் நூற்றுக்கணக்கான ஆணிகள் இருக்கும். டயரும் அகலமில்லை, ஒல்லி. சேற்றில் மாட்டுவண்டியின் ஒல்லிச் சக்கரம் கீறிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கிறதே, அதே உத்தி.

1911இல் தொடங்கிய மான்டி கார்லோ ராலியில் எனக்குப் பிடித்தது கார்கள் இல்லை. அங்கே போட்டி வண்டிக்கு முன்னால், விடியற்காலையில், அந்த அணியின் ஆட்களே ஒரு வண்டியில் போய் எந்த வளைவில் பனி உறைந்திருக்கிறது, எங்கே வெறும் ஈரம் என்று குறித்து வருவார்கள். அதை ஓட்டுநர் குழு தன் குறிப்பில் ஏற்றிக்கொள்ளும். உனக்கு அப்படி ஒரு குழு தேவையில்லை. டீக்கடையில் பால்காரரைக் கேள். எந்த ஏரிக்கரையில் பனி படுத்திருக்கும், எது எத்தனை மணிக்கு விலகும் என்று துல்லியமாகச் சொல்வார்.

ஏன் ஏரிக்கரை என்கிறேன்? வடகிழக்கு மழை முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கின்றன, வயல் ஈரமாக இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து துளியாகிறது. பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும். அதனால்தான் மயிலம் மலை மேலே தெளிவாகத் தெரியும், கீழே கூட்டேரிப்பட்டில் லாரியின் பின்விளக்கு தெரியாது.

அந்தப் பனிக்குள் மட்டும் நேரக் கணக்கை மூட்டை கட்டி வை. 30 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள். எதிரே வருபவனுக்கும் அதே 30 மீட்டர்தான். ஆளுக்குப் பாதி, 15 மீட்டர். கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு விநாடி கழித்து, மிச்சத்தில் வண்டி நிற்க வேண்டும் என்றால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதுவும் எதிரே வருபவன் விளக்குப் போட்டிருந்தால். இப்போது கரும்பு வெட்டு நேரம். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்களில் பாதிக்குப் பின்னால் விளக்கும் இல்லை, ஒளிரும் பட்டையும் இல்லை, கரும்புத் தோகைதான் தொங்கும். ஹைபீம் போடச் சொல்லாதே. வெளிச்சம் துளிகளில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். பனி விலகினாலும் உளுந்தைத் தார்ச்சாலையில் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் அடித்துப் பார்த்தால், சுவீடன் வரை போக வேண்டியதில்லை என்று உனக்கே புரியும். காயப்போட்டவர்கள் திட்டுவார்கள், நியாயம்தான்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மும்பை, சென்னை போன்ற ஊர்களில் பார்வையற்றவர்கள் நேவிகேட்டராக இருக்கும் டி.எஸ்.டி. ராலிகள் நடக்கின்றன. ரோடு புக் பிரெய்லில் இருக்கும். அவர்கள் விரலால் படித்துச் சொல்ல, ஓட்டுநர் அதன்படி போவார். அந்த வண்டியில் ஓட்டுநருக்குப் புத்தகம் தெரியாது, நேவிகேட்டருக்குச் சாலை தெரியாது. உன் வண்டி ஓட்டும் பையன் "எனக்கு இந்த வழி தெரியும், நீ சும்மா இரு" என்று சொன்னால் இதைச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பனி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, கூட்டேரிப்பட்டு டீக்கடைக்கு வந்து சேர். அங்கிருந்து விக்கிரவாண்டி பக்கம் கிலோமீட்டர் கல்லை வைத்து உங்கள் வண்டிக்கு ஓடோ செக் எடுத்துவிடலாம். டயரில் காற்று ராலி அன்று வைக்கப்போகும் அளவிலேயே இருக்கட்டும். பேனா வேண்டாம், இரண்டு பென்சில் கொண்டு வா. ஈரக் காகிதத்தில் பேனா எழுதாது. அத்தை பனங்கிழங்கு வேக வைத்துத் தருகிறாளாம்.

அன்புடன்,
மாமா