மூன்று வண்டிகள் மோதின. நஷ்டஈடு யாரிடம் கேட்பது?

கேள்வி: என் கணவர் தச்சு வேலை செய்பவர், வயது 38, மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய் சம்பாதித்தார். சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வாடகை வேனில் ஊருக்குத் திரும்பும்போது, முன்னால் போன கேரளக் கார் திடீரென்று நிற்க, வேன் அதன்மேல் மோத, பின்னால் வந்த லாரி வேனை இடித்துவிட்டது. அவருடைய வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனி உட்கார்ந்து எழுந்து வேலை செய்ய முடியாது என்கிறார்கள். போலீசார் லாரி ஓட்டுநர்மேல் மட்டும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வேனைச் சொல்கிறது, வேனின் கம்பெனி காரைச் சொல்கிறது. இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு லட்சம் வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, கடையநல்லூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று வாகனங்கள் மோதிக்கொண்ட விபத்தில் எந்த ஓட்டுநர் எவ்வளவு பங்கு அஜாக்கிரதையாக இருந்தார் என்று பிரித்து நிரூபிக்கும் பாரம், வண்டியை ஓட்டாமல் வாடகை கொடுத்து உள்ளே அமர்ந்து பிரயாணம் செய்த உங்கள் கணவர்மீது விழாது என்பதை முதலில் மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவரே தவறும் செய்திருந்தால் அவர் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும். ஆனால் பிறர் பலரது தவறுகள் ஒன்றுசேர்ந்து ஒரு நிரபராதியைக் காயப்படுத்தினால், அவர் அந்தத் தவறு செய்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம் என்று, ஒரு பேருந்தும் ஒரு டிரெய்லர் லாரியும் மோதிய கென்யேய் வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனிகள் தமக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்களுடைய பிற்காரியம். அந்தச் சச்சரவு முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டிய நியாயம் எதுவுமில்லை.

எனினும், ஒருவரை விட்டு ஒருவரைப் பிடித்தோம் என்ற ஆட்சேபத்துக்கு இடம் தராமல், லாரி, வேன், கார் ஆகிய மூன்றின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். முதல் தகவல் அறிக்கையில் லாரி ஓட்டுநர் பெயர் மட்டும் இருப்பது தடையாகாது. அது குற்ற வழக்குக்கு ஆரம்பமேயன்றி நஷ்டஈட்டு வழக்கின் முடிவன்று. வேன் மஞ்சள் எண் பலகை பெற்ற வாடகை வண்டியா, சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியா என்பதையும் விசாரித்து அறியுங்கள். பின்னதாயின் அதன் கம்பெனி பாலிசி நிபந்தனையைக் காட்டித் தப்ப முயலும், அப்போது மற்ற இரண்டு கம்பெனிகளும் எதிரில் இருப்பது உங்களுக்குப் பலம். கார் உரிமையாளர் கேரளத்தவர் என்பதற்காக ஆரியங்காவு தாண்டிப் போகவும் வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ அதிகாரம் பெற்ற தீர்ப்பாயத்தில், அதாவது இங்கே தென்காசியிலேயே, மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம்.

காலக்கெடுவைப் பற்றி மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். 1-4-2022 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த விதியை எதிர்த்த வழக்குகளில், கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது உண்மையே. ஆயினும் இடைக்கால உத்தரவை நம்பிக் காலத்தைக் கடத்துவது விவேகமன்று.

இனித் தொகையைப் பார்ப்போம். வீட்டுக்கு வந்தவர் சொன்ன இரண்டு லட்சம் எவ்வளவு அற்பமானது என்பது கணக்கைப் பார்த்தால் விளங்கும். சுயதொழில் செய்யும் நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு. 38 வயதுக்குப் பெருக்கெண் 15 என்பது 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பு. 18,000 ரூபாய் 25,200 ஆகிறது, ஆண்டுக்கு 3,02,400, பதினைந்தால் பெருக்க 45,36,000. மருத்துவர் சான்றிதழில் 30 சதவீத ஊனம் என்று எழுதி, தீர்ப்பாயமும் அதை அப்படியே ஏற்றால் உங்களுக்குச் சேருவது 13,60,800 ரூபாய். ஆனால் 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் இழப்பு வேறு என்று பிரித்து, ஒரே கை போனாலும் குமாஸ்தாவுக்கு நேரும் நஷ்டமும் தச்சருக்கு நேரும் நஷ்டமும் சமமாகா என்று எடுத்துக்காட்டியிருக்கிறது. தரையில் குந்தியமர்ந்து இழைப்புளி பிடிக்கவும், சாரத்தில் ஏறி நிலை பொருத்தவும் இயலாதவருக்கு ஜீவன நஷ்டம் பாதி என்று தீர்ப்பாயம் ஏற்றால், அதே கணக்கு 22,68,000 ஆகிறது. மருத்துவச் செலவு, வேதனை, உடனிருந்து கவனித்தவர் செலவு, பின்னால் பிளேட்டை எடுக்கும் சிகிச்சை, வட்டி ஆகியவை இதற்கு மேல். ஆகையால் உங்கள் வழக்கின் உயிர்நிலை, அவர் தொழிலையும் வருமானத்தையும் நிரூபிப்பதில் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம் ஆகியவற்றை இப்போதே தேடி வையுங்கள். இவற்றோடு விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீதுகள், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, போலீசார் தயாரித்த மகஜரும் வரைபடமும் அவசியம்.

அரசு தரும் நிவாரணத்தையும் சட்டம் தரும் நஷ்டஈட்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறுபவர் நம் பகுதியில் பலர். குற்றாலத்தில் குளித்துத் திரும்பிய இளைஞர் அறுவர் 2024 ஜனவரி 28 அன்று புளியங்குடி அருகே கார் லாரியோடு மோதி மாண்டபோதும், 2025 நவம்பர் 24 அன்று இடைகால் அருகே இரு தனியார் பேருந்துகள் மோதிப் பல உயிர்கள் போனபோதும், முதலமைச்சர் நிவாரணம் அறிவித்தார். அது அரசின் கருணை. அதைப் பெற்றுக்கொண்டவரும் தீர்ப்பாயத்தை அணுகத் தடையில்லை. நஷ்டஈடு என்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது தவறன்று. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், சிகிச்சை முடிந்து ஊனம் மதிப்பிடப்படும் முன் சம்மதம் தராதீர்கள். தீர்ப்பாயம் குறைத்துக் கொடுத்தால், 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் அமர்த்த வசதியில்லாவிட்டால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை நாடுங்கள்.

வந்தவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பே வெற்றுத்தாளில் போட்டிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு மாதக் கெடு முடியும்முன் மூன்று வாகனங்களையும் சேர்த்து மனுத் தாக்கல் செய்யுங்கள்.