நீந்துகிறவனின் கண்ணிலிருந்து

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய ‘குக்ரி’ திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் நடுக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கரை திரும்பவில்லை. முதல் படத்துக்கே இப்படியொரு கதையை எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை செய்வதென்றால் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்வதுதான் முறை. கடலைப் படமாக்கும் ஆசையோடு உன்னைப் போல் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உன் திரைக்கதையில் பதினொரு இடத்தில் வெடிப்பு வருகிறது. தண்ணீரில் தத்தளிக்கும் மனிதன் வருவது ஒரே இடத்தில், அதுவும் அரைப் பக்கம். இந்தக் கணக்கு தலைகீழாக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தரையில் நடக்கும் சண்டையில் சுடுகிறவனையும் விழுகிறவனையும் ஒரே ஃப்ரேமுக்குள் நிறுத்தலாம். கடலில் அதற்கு வழியே இல்லை. 1941 மே 24 காலையில் டென்மார்க் நீரிணையில் ஜெர்மனியின் பிஸ்மார்க், பிரிட்டனின் ஹூட் என்ற போர்க்கப்பல்கள் மோதின. ஹூட் வெடித்தபோது இரண்டுக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர் தூரம். பீரங்கி முழங்கி, குண்டு போய் விழச் சுமார் 20 விநாடி ஆகும். மோதல் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஹூடின் கதை முடிந்தது. கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர். அத்தனை சாவையும் நிகழ்த்தியவர்கள் அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

இதை எடிட்டிங் மேசையில் வைத்துப் பார். இங்கே பீரங்கி, அங்கே தீ, மறுபடி பீரங்கி என்று மாற்றி மாற்றி வெட்டினால் நாலாவது ஷாட்டிலேயே பார்க்கிறவருக்குத் திசை தப்பிவிடும். தரையில் ஒரு பனைமரமோ தெருமுனையோ இருக்கும். கண் அதைப் பிடித்துக்கொள்ளும். கடலில் எந்த ஷாட்டிலும் தண்ணீரைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. வலப்பக்கம் போன கப்பல் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் போனால் அது எதிரிக் கப்பல் ஆகிவிடும். 1960இல் வந்த ‘சிங்க் த பிஸ்மார்க்!’ கதையின் பெரும்பகுதியை லண்டனில் தரைக்கடியில் இருக்கும் கட்டளை அறையில், கடல் வரைபடத்தைச் சுற்றி நடத்துகிறது. அந்த வரைபடத்தைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதே. தெருமுனை செய்யும் வேலையை அங்கே அதுதான் செய்கிறது.

அடுத்த சிக்கல் தண்ணீரே. பல வருடம் முன்பு, டேங்கில் எடுத்த ஒரு மினியேச்சர் கப்பல் காட்சி என் மேசைக்கு வந்தது. கப்பல் அச்சு அசல். துருவின் நிறம்கூடத் தப்பவில்லை. முன்பக்கத்தில் அலை மோதித் தெறித்தது. ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தேன். மேல்தளத்தில் விழுந்த ஒரு துளி அங்கே நின்ற பொம்மை மாலுமியின் தலையளவு இருந்தது. கப்பலைச் சிறிதாகச் செய்துவிடலாம், துளியைச் சிறிதாக்க முடியாது. கப்பல் 16இல் ஒரு பங்கு என்றால், 16இன் வர்க்கமூலம் 4. வழக்கமான வேகத்தைப் போல் 4 மடங்கில், அதாவது விநாடிக்கு 96 ஃப்ரேம் எடுத்தால் அலைக்குக் கொஞ்சம் கனம் வரும். துளி அப்போதும் துளியாகவே இருக்கும். அந்தக் காட்சியில் தேறியது இரண்டு விநாடிதான்.

இப்போது கம்ப்யூட்டரில் எந்தக் கடலையும் உண்டாக்கலாம் என்பாய். உண்டாக்கு. ஆனால் மாலுமி நிற்கவே முடியாத இடத்தில் உன் கேமரா பறந்து திரிந்தால், அந்த நிமிடமே பயம் போய்விடும். 1981இல் வோல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த ‘தாஸ் போட்’ படத்தை இதற்காகவே திரும்பப் பார். நீர்மூழ்கியின் உட்புறத்தை அசல் அளவிலேயே செட் போட்டு, ஹைட்ராலிக் அமைப்பின் மேல் ஏற்றிச் சாய்த்து ஆட்டினார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ சிறிய கேமராவில் ஜைராஸ்கோப் பொருத்தி, கையில் பிடித்தபடி அந்தக் குறுகலுக்குள் ஓடினார். மேலே எதிரிக் கப்பல் கடக்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் அண்ணாந்து காது கொடுத்து நிற்கும் முகங்கள் மட்டுமே. எதிரியை எங்கேயும் காணோம், ஆனால் நம் மூச்சு நின்றுவிடுகிறது.

இனி நான் சொல்ல வந்த இரண்டு காட்சிகள்.

முதலாவது, 1953இல் சார்ல்ஸ் ஃபிரெண்ட் இயக்கிய ‘த க்ரூயல் சீ’. மூழ்கிய கப்பலிலிருந்து தப்பியவர்கள் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். காப்பாற்ற வந்த கப்பலின் கருவி, அவர்களுக்கு நேர் கீழே நீர்மூழ்கி இருப்பதாகச் சொல்கிறது. விட்டால் இன்னும் எத்தனை கப்பல் போகுமோ. கேப்டன் ஆழ்வெடி போடச் சொல்கிறார். கையசைத்துக் கூப்பிட்டவர்கள் நடுவிலேயே அது வெடிக்கிறது. கீழே நீர்மூழ்கி இருந்ததா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, ‘தாஸ் போட்’ படத்திலேயே இருக்கிறது. டார்பிடோ அடித்த எண்ணெய்க் கப்பல் பல மணி நேரம் கழித்தும் எரிந்துகொண்டிருக்கிறது. ஆளில்லை என்று நினைத்து இன்னொரு டார்பிடோ விடுகிறார்கள். அதன் பிறகுதான் தளத்தில் மனிதர்கள் தெரிகிறார்கள். அவர்கள் குதித்து நீர்மூழ்கியை நோக்கி நீந்தி வருகிறார்கள். ஏற்றிக்கொள்ள இடமில்லாத கேப்டன் பின்னோக்கிச் செலுத்தச் சொல்கிறார்.

ஒன்று பிரிட்டிஷ் படம், மற்றது ஜெர்மன் படம். எதிரெதிர் நாடுகள் ஒரே கடல் யுத்தத்தைப் படமாக்கியபோது, இரண்டு படத்தின் உயிரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: தண்ணீரில் நீந்தும் மனிதன். அவன் வரும்போதுதான் அந்த 15 கிலோமீட்டர் தூரம் இல்லாமல் போகிறது. கட்டளையிட்டவனும் சாகப்போகிறவனும் அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் தூரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நெருக்கத்தைக் கண்டுபிடிக்காத படங்களில் கப்பல்கள் எரியும், நமக்கு ஒன்றும் ஆகாது.

உன் கதைக்கு வருகிறேன். முல்லா தன் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனதை நீ ஹெலிகாப்டர் உயரத்திலிருந்து, பெரிய இசையோடு எழுதியிருக்கிறாய். அந்த உயரத்தில் அன்றிரவு எவரும் இல்லையம்மா. அந்தக் கடைசி நிமிடங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சொன்னவர்கள் தண்ணீரில் விழுந்து பிழைத்த அறுபத்தேழு பேர்தான். எனவே கேமராவை அவர்கள் கண் இருந்த உயரத்துக்கு இறக்கு. இருட்டு, வாயில் எண்ணெய், அடுத்த அலை. அலை தாழும்போது மட்டும் சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலின் ஒரு துண்டு. அலை எழும்போது அதுவும் மறையும். மறுபடி தாழும்போது அங்கே தண்ணீர் மட்டும்.

இதை எடுக்க முழுக் கப்பல் வேண்டாம். பதினொரு வெடிப்பும் வேண்டாம். அந்த அரைப் பக்கத்தைப் பத்துப் பக்கமாக எழுதிக்கொண்டு வா. எத்தனை நாள் ஆனாலும் உன்னோடு உட்கார்ந்து வெட்டிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
எடிட்டிங் மேசையிலிருந்து உன் அண்ணன்