ஆல்ஃபா துகளும் ஆல்ஃப்வேன் அலையும்

அணுக்கருப் பிணைவு நிகழப் பத்துக் கோடி பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அதனை எக்கலமும் தாங்காது. ஆதலின் டோகாமாக் கருவியில் பிளாஸ்மாவைக் காந்தப்புலமே வளையமாகத் தாங்குகிறது. டியூட்டீரியமும் டிரிட்டியமும் பிணைகையில் பிறக்கும் ஆல்ஃபா துகள், 35 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பாயும். அவ்வாற்றலைப் பிளாஸ்மாவுக்கு ஈந்து வெப்பம் குன்றாமல் காப்பதே அதன் கடன்.

ஆனால், காந்தப்புலக் கோடுகள் வீணை நரம்பைப்போல் அதிரக்கூடியவை. இவ்வலையை 1942இல் சுவீடன் நாட்டு இயற்பியலறிஞர் ஹான்னஸ் ஆல்ஃப்வேன் கணித்துரைத்தார். துகளின் வேகம் அலையின் வேகத்தோடு இசைந்துவிடின், உரிய கணத்தில் ஊஞ்சலை உந்துவதுபோல், துகள் தன் ஆற்றலை அலைக்கு ஊட்டுகிறது. வளர்ந்த அலையோ அத்துகளையே வெளியே தள்ளுகிறது. வளர்த்தவரையே வீட்டைவிட்டு விரட்டும் விந்தை இது! பிளாஸ்மாவைச் சூடாக்கவேண்டிய துகள் கருவியின் சுவரைச் சுடுகிறது.

1991இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில், விரைவு அயனிகள் இவ்வலையை எழுப்பியது சோதனையில் கண்டறியப்பட்டது. பிரான்சில் எழுந்துவரும் ஐட்டர் கருவியிலோ ஆல்ஃபா துகள்கள் இவ்வலையினும் விரைந்து பாயும். அங்கே அலையை அடக்கும் வழி இப்போதே ஆராயப்பட்டு வருகிறது.