உயிரியல் பரீட்சைக்கு ஓர் உருளைக்கிழங்கு



நாங்கள் ஊரில் படித்த காலத்தில் உயிரியல் என்றால் பெரும்பாலும் பாடமாக்கி எழுதுவதுதான். இங்கிலாந்தில் எமது பிள்ளைகள் எழுதும் ஜீ.சி.எஸ்.ஈ. உயிரியல் அப்படியல்ல. 2018இல் முதன்முதலாக நடந்த புதிய முறைப் பரீட்சையில் செய்முறைக்கெனத் தனிப் புள்ளி கிடையாது. ஆனால் எழுத்து வினாத்தாளில் குறைந்தது 15 வீதம் செய்முறை அறிவுக்கும், குறைந்தது 10 வீதம் கணிதத் திறனுக்கும் உரியது. புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்த பிள்ளையும் இங்கே புள்ளிகளை இழக்கலாம்.

"ஆங்கிலத்தில் உள்ள பாடம், எமக்கு விளங்காது" என்று நாம் ஒதுங்கத் தேவையில்லை. சமையலறைத் தராசும் உருளைக்கிழங்கும் போதும்.

1. தோல் சீவிய கிழங்கை ஒரே அளவான துண்டுகளாக வெட்டி, மூன்று பங்காக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. மூன்று கிளாஸ்களில் ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். ஒன்றில் உப்பு வேண்டாம். மற்றவற்றில் ஒரு தேக்கரண்டியும் மூன்று தேக்கரண்டியும் போட்டுக் கரையுங்கள்.

3. ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைப் போட்டு, நாலைந்து மணித்தியாலத்தின் பின் எடுத்து, ஈரத்தை ஒற்றித் துடைத்து, மீண்டும் நிறுங்கள்.

இனிக் கணக்கு. 50 கிராம் 54 ஆனால் கூடியது 4 கிராம். 40 கிராம் 44 ஆனாலும் அதே 4 கிராம். ஆனால் முதலாவது 8 வீத அதிகரிப்பு, இரண்டாவது 10 வீதம். தொடக்க நிறைகள் வேறுபடுவதால்தான் வீத மாற்றம் கேட்கிறார்கள். வகுக்க வேண்டியது தொடக்க நிறையால். நிறை குறைந்தால் கழித்தல் அடையாளத்தை மறக்கக் கூடாது. கணக்கு வேலையைப் போலவே இங்கும் வழியைக் காட்ட வேண்டும். இறுதி விடை பிழைத்தாலும் வழிக்குப் புள்ளி கிடைக்கக்கூடும்.

பின்னர் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை மாற்றினாய்? எதை அளந்தாய்? எவற்றை மாறாமல் வைத்தாய்? பதில் தமிழில் வந்தாலும் நல்லதே.

வினாவில் 'டிஸ்கிரைப்' என்றால் என்ன நடந்தது என்பதை எண்களோடு எழுத வேண்டும். 'எக்ஸ்பிளெயின்' என்றால் ஏன் நடந்தது என்று எழுத வேண்டும்: உப்புக் கரைசலில் கிழங்கின் கலங்களிலிருந்து நீர் கலமென்சவ்வினூடாக வெளியேறியது, இதுவே பிரசாரணம். ஒன்றைக் கேட்க மற்றதை எழுதினால் எவ்வளவு சரியாக எழுதினாலும் புள்ளி இல்லை.

இந்த வார இறுதியில் ஒரு கிழங்கை எடுத்து வையுங்கள். பிள்ளை செய்யட்டும்; நாங்கள் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்போம்.