முல்லர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

கேள்வி: வேத ஆய்வாளர் மாக்ஸ் முல்லருக்கும் கால்பந்து வீரர் கெர்ட் முல்லருக்கும் உறவு உண்டா?

பதில்: கிடையாது. மாவு ஆலை நடத்தியவர்களுக்கு வந்த தொழில்பெயர் அது. ஊருக்கு ஊர் ஆலை இருந்ததால் ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப்பெயரும் அதுவே.

நம் நாட்டோடு ஆழமாகப் பிணைந்தவர் மாக்ஸ் முல்லர்தான். 1823-இல் டெசாவ் நகரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர். சாயணர் உரையோடு ரிக் வேதத்தை 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி பண உதவி செய்தது. இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த உழைப்பின் மீது மரியாதை கூடத்தான் செய்கிறது! தந்தை வில்ஹெல்ம் முல்லரும் லேசுப்பட்டவர் அல்லர். ஷூபர்ட் இசையமைத்த புகழ்பெற்ற இரண்டு பாடல் தொகுப்புகள் அவருடைய கவிதைகளே.

நோபல் பெற்ற முல்லர்களும் உண்டு. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த சுவிஸ் வேதியியலாளர் பால் ஹெர்மன் முல்லர் 1948-இல் மருத்துவப் பரிசு பெற்றார். ருமேனியாவில் பிறந்து, சர்வாதிகார ஆட்சியின் அச்சுறுத்தலைத் துணிந்து எழுதிய ஹெர்டா முல்லருக்கு 2009-இல் இலக்கியப் பரிசு கிடைத்தது.

கெர்ட் முல்லர் 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர். அவர் அணிந்த 13-ஆம் எண் சட்டையை 2010-இல் அணிந்து தங்கக் காலணி வென்ற தாமஸ் முல்லரும் அவருக்கு உறவினர் அல்லர்.