எண்ணூறு எபிசோடும் இரண்டரை மணி நேரமும்

கேள்வி: சீரியல் இயக்குநர் சினிமா எடுத்தால் என்ன மாறும்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: சன் டி.வி.யில் 'மெட்டி ஒலி' சீரியலை 800 எபிசோடுகளுக்கு மேல் ஓட்டிய திருமுருகன், 2006-இல் பரத், நாசரை வைத்து 'எம் மகன்' எடுத்தார். இரண்டுக்கும் வசனம் பாஸ்கர் சக்தி.

சீரியலில் மாமியார் ஒரு அதட்டல் போட்டால் போதும். கேமரா வீட்டிலுள்ள அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாக நெருங்கிப் பார்க்கும், பின்னணி இசை அதிரும், 'தொடரும்' விழும். தினமும் ஒரு எபிசோடு தந்தாக வேண்டிய அவசரத்தில் வீட்டுக் கூடத்தைத் தாண்ட நேரமேது? படத்தில் நாசர் முறைத்தாலே காட்சி முடிந்தது; அடுத்து கடை, தெரு, பாட்டு, வடிவேலு.

குடும்பக் கதை மட்டும் மாறவில்லை. படம் ஓடியதும் அதனால்தான்.

2010-இல் 'நாதஸ்வரம்' தொடருடன் திருமுருகன் சன் டி.வி.க்கே திரும்பிவிட்டார்.