மனக்கலக்கமும் உடல் உபாதையும்



2025 மார்ச் 28 அன்று மியான்மரை உலுக்கிய நிலநடுக்கம் யாங்கோனிலும் உணரப்பட்டது. இத்தகைய பேரச்சத்திற்குப் பின், பூமி அடங்கினாலும் சிலருக்கு உடல் அடங்குவதில்லை. படபடப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், வயிற்றுப் பிரட்டல் தொடர்கின்றன. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கிக் குடிப்போரும் உண்டு. ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால், "உனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். அது சரிதானா?

அச்சம் எழுந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. மூச்சு அளவுக்கு மீறி வேகமானால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். ஆகவே உபாதை உண்மையானதே. அதைக் கண்டு "மாரடைப்போ!" என்று அஞ்சினால் அட்ரினலின் மேலும் சுரக்கும், உபாதையும் கூடும். இந்தச் சுழலை அறுப்பதே உளச்சிகிச்சையின் வேலை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய பேச்சுமுறைச் சிகிச்சை இதற்கு நல்ல உதாரணம். படபடப்பு வரும்போது என்ன நினைத்தோம் என்று நோயாளி எழுதி வைக்கிறார். அந்த எண்ணம் மெய்தானா என்று ஆலோசகருடன் சோதிக்கிறார். மாடிப்படி ஏறி, வேகமெடுத்த இதயம் தானே தணிவதைக் காண்கிறார். பயந்து ஒதுக்கிய பஸ் பயணத்தையும் கடைத்தெருவையும் சிறிது சிறிதாக மீண்டும் பழகுகிறார். அச்சம் தணியத் தணிய உடலும் தணிகிறது.

இது பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே உரியதன்று. தாய்லாந்து எல்லையிலுள்ள மே சோட்டில், பர்மாவிலிருந்து இடம்பெயர்ந்த 347 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. அங்கே சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. சிகிச்சை பெற்றோரிடம், அதற்காகக் காத்திருந்தோரைவிட, மனக்கலக்கமும் மனச்சோர்வும் நன்கு குறைந்தன.

நாம் நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் புதிதாக வந்தால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தைராய்டுக் கோளாறும் படபடப்பைத் தரும்.

2. நோயில்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின், பரிசோதனைமேல் பரிசோதனை செய்வது அச்சத்தையே வளர்க்கும். உளச்சிகிச்சை பற்றி அவரிடமே கேட்கலாம்.

3. வீட்டில் ஒருவர் இப்படித் தவித்தால், "ஒன்றுமில்லை" என்று ஒதுக்காமல், "உன் கஷ்டம் உண்மை, அதற்கு வழியும் உண்டு" என்று சொல்லித் துணைக்குச் செல்வோம்.